டீச்சருக்கு ஒரு கதவு

யார் வீட்டுக்குப் போனாலும் கண்ணாடிக்காரர் முதலில் கதவைத்தான் ஆட்டிப் பார்ப்பார். வீட்டுக்காரர் "வாங்க, உட்காருங்க" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் இவர் கதவைப் பாதி சாத்தி, காதைக் கொடுத்துக் கேட்டு, "கீழ உரசுதே, கவனிக்கலையா?" என்பார். அந்த மனிதர் பத்து வருடமாக அந்த உரசலோடு நிம்மதியாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்திருப்பார். அன்று முதல் அவருக்கு அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்கும். "ஒரு நிமிஷ வேலை, மெஷின் வண்டியிலயே இருக்கு" என்று இவர் எழுந்தால், விவரம் தெரிந்தவர்கள் அவசரமாகப் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இத்தனைக்கும் அவர் தச்சர் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் எறும்புத் தலை அளவு திருகாணிகளோடு இருபது வருடமாக மல்லுக்கட்டுகிறவர். பெருமூச்சு விட்டால் திருகாணி பறந்துவிடும் என்பதால் பகல் முழுவதும் மூச்சைக்கூட அளந்துதான் விடுவார். "ஃபிரேமை மேசையில வச்சு அளந்து என்ன பிரயோஜனம் சார்? உங்க மூக்குல வச்சுல்ல அளக்கணும்!" என்பது அவருடைய கடை வாசகம். அதைச் சொல்லாமல் அவர் யாருக்கும் கண்ணாடி மாட்டி அனுப்பியதாக வரலாறு கிடையாது.

சாயங்காலம் வீடு திரும்பியதும் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். மல்டி டூல் என்று கடைக்காரர்கள் சொல்லும் அந்த மெஷின் முன்கை நீளம் இருக்கும். முனையில் விரலளவு பிளேடு. "இது சுத்தாதுங்க, ஆடும். டீச்சர் முன்னால நான் தலையாட்டுறேன்ல, அந்த வேகம்" என்று விளக்கிவிட்டு பொத்தானைத் தள்ளுவார். டர்ர்ர் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிளேடு ஆடுவது கண்ணுக்கே தெரியாது. ஆனால் ரம்பம் நுழையாத இடுக்கில் நுழையும், சுவரோடு ஒட்டிக்கிடக்கும் மரத்தைச் சீவும், துருப்பிடித்த ஆணியின் தலையை வாங்கும். குளியலறை டைல்ஸ் இடுக்கில் கறுத்துப்போன சிமெண்டை அவர் சுரண்டி எடுத்த வாரம், வீட்டில் சுவாசித்தது பாதி காற்று, பாதி சிமெண்ட்.

டீச்சர் என்பது அவர் மனைவி. கணக்கு டீச்சர். ஊரெல்லாம் அப்படிக் கூப்பிடுவதால் அவரும் அப்படியே கூப்பிடுகிறார். டீச்சருக்கு அந்த மெஷின் பெயர் சக்களத்தி. "சக்களத்தியை எங்க கிளப்பிட்டீங்க?" என்று கேட்டால் மெஷின் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டுவிட்டது என்று அர்த்தம். ஒருமுறை டிவி ஒயரை விடுவதற்காகப் பலகைத் தடுப்பில் ஓட்டை போட்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம் சமையலறை இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பலகையோடு ஒட்டி சர்க்கரை டப்பா இருப்பதுதான் தெரியாது. டிவிக்குப் பின்னால் சர்க்கரை கொட்டத் தொடங்கிய பிறகு தெரிந்தது. ஒரு வாரம் அந்த வீட்டு எறும்புகள் குடும்பம் குடும்பமாக வந்து செய்தி பார்த்தன. அன்றோடு சக்களத்திக்கு வீட்டுக்குள் தடை. கட்டிலுக்கு அடியில் வனவாசம்.

தடை விலகியது டீச்சர் பள்ளிப் படியில் கால் தவறி விழுந்த அன்றைக்கு. வலது காலில் முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு, ஆறு வாரம் தரையில் ஊன்றக் கூடாது, சக்கர நாற்காலி. மூன்றாம் நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு வீட்டுக்கு விடுவதாகச் சொல்லிவிட்டார்கள். அன்று காலை டீச்சர் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் பேசினார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதாங்க வேணும். வீட்டுல பாத்ரூமுக்கு நானே போகணும், நானே கதவைச் சாத்திக்கணும். இங்க ஒரு துணித் திரை. அந்தப் பக்கம் நாலு பேரு. சத்தம் கேக்குமோன்னு எனக்கு வர்றதுகூட வரமாட்டேங்குது."

பிறகு போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. நாற்பது பிள்ளைகளைப் புருவத்தாலேயே உட்கார வைக்கும் டீச்சர் அழுகிறார் என்பது கண்ணாடிக்காரருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. இருபத்திரண்டு வருடத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. போனை வைத்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பெட்டியை இழுத்தார்.

வாடகைக்கு எடுத்த சக்கர நாற்காலியை டீச்சரின் தங்கை பதினொரு மணிக்குக் கொண்டு வந்து இறக்கினாள். பாத்ரூம் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் அரை அங்குலம் நாற்காலி பெரிது. காலடியில் ஒரு மரப்படி வேறு.

"தச்சரைக் கூப்பிடுங்க அத்தான்."

"கேட்டேன். வியாழக்கிழமை வர்றாராம்."

"அப்போ கதவைக் கழட்டிட்டு ஒரு ஸ்கிரீன் மாட்டிடுங்க. ஆறு வாரந்தானே?"

"துணி வேணாம்" என்றார் கண்ணாடிக்காரர். அவர் அவ்வளவு வெடுக்கென்று பேசி மைத்துனி கேட்டதில்லை. அவள் போய் காபி போட்டாள்.

கதவு வெளிப்பக்கம் திறப்பது. சாத்தும்போது வந்து முட்டி நிற்பதற்காக நிலையின் உட்புறம், இரண்டு பக்கமும், ஓர் அங்குலத்துக்கு மரப்பட்டி அடித்திருந்தது. அந்தப் பட்டிகளில் கீழ்ப்பாகத்தை மட்டும் எடுத்தால் நாற்காலிக்கு வழி கிடைக்கும். மேலே மிச்சம் இருக்கும் பட்டியில் கதவு வந்து முட்டி நிற்கும். கண்ணாடிக்காரர் நாற்காலியின் சக்கரத்தை அளந்தார். இரண்டடி உயரம். நிலையில் இரண்டடிக்குப் பென்சில் கோடு. டர்ர்ர். முதலில் மரப்படியைத் தரையோடு தரையாகச் சீவினார். பிறகு இடது பட்டி, பிறகு வலது பட்டி. நிலையில் ஒரு கீறல் இல்லை. கதவின் உட்புறத் தாழ்ப்பாளைக் கழற்றி, உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டினார். உள்ளே போனவர் இழுத்துச் சாத்துவதற்குக் கதவில் ஒரு கயிறும் கட்டினார்.

ஒன்றரை மணிக்கு வெள்ளோட்டம். காலி நாற்காலியைத் தள்ளினால் வெண்ணெயில் கத்தி போல உள்ளே போயிற்று. வெளியே இழுத்தார், மறுபடி தள்ளினார். ஐந்தாவது தடவை மைத்துனியைக் கூப்பிட்டுக் காட்டினார். ஏழாவது தடவை அவளாகவே, "பாத்துட்டேன் அத்தான்" என்றாள்.

மனிதர் களைத்துப்போய் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து காபி குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு, சும்மா இருக்கமாட்டாமல், இரண்டு கையாலும் சக்கரத்தை உருட்டிக்கொண்டு உள்ளே போனார். போகவில்லை. பாதி வழியில் "ஆ!" என்று ஓர் அலறல். விட்டு வைத்த பட்டியின் முனைகள் இரண்டு கையிலும் விரல் முட்டித் தோலை உரித்துவிட்டன. சக்கரத்தை உருட்டுகிற கை சக்கரத்துக்கு மேலே அல்லவா இருக்கிறது!

வாசலில் சிக்கிய நாற்காலியில், முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல், கண்ணாடிக்காரர் கையை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைக்கு வருகிறவர்களை எல்லாம் மூக்கில் வைத்து அளந்தவர், சொந்தப் பெண்டாட்டிக்கு மேசையில் வைத்து அளந்திருக்கிறார். "முட்டாள், முட்டாள்" என்று சொல்லிக்கொண்டார். மைத்துனி மறுத்துப் பேசவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி நாற்காலியைப் பின்னால் இழுத்துவிட்டாள்.

இன்னும் ஓர் அடி மேலே அறுக்க வேண்டும். இடது பட்டி முடிந்தது. வலது பட்டியின் நடுவில் மெஷின் திடீரென்று கீச்சிட்டது, புகை வந்தது. உள்ளே ஒரு பழைய ஆணி. பிளேடின் பல்லெல்லாம் போய்ப் பொக்கை வாயாகிவிட்டது. மணி மூன்று. பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டியதில் இரும்பு அறுக்கும் பிளேடு ஒன்று மட்டும் தேறியது. மரத்தை அது அறுக்காது, கெஞ்சினால்தான் இறங்கும்.

"அக்காவைக் கொண்டுவர நான் போறேன் அத்தான். மெதுவா ஓட்டிட்டு வர்றேன்."

"ரொம்ப மெதுவா வா" என்றார் கண்ணாடிக்காரர்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டபோது அவர் அறுத்த முனையில் உப்புத்தாளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை, மீசை, புருவம் எல்லாம் மரத்தூள். மைத்துனி ஓடிவந்து நாற்காலியை வாசலுக்கு எடுத்துப்போய் அக்காவை அதில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். டீச்சர் கூடத்தைப் பார்த்தார். தூளைப் பார்த்தார். கணவரின் கையில் இருந்த இரண்டு பிளாஸ்திரிகளைப் பார்த்தார்.

"சக்களத்தி கடிச்சுட்டாளா?"

"இல்ல டீச்சர். இது என் புத்தி கடிச்சது."

தள்ளுவதற்காக அவர் நாற்காலியின் பின்னால் வந்தார். டீச்சர் திரும்பிப் பார்த்தார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்து நின்றார். டீச்சர் சக்கரங்களைப் பிடித்துத் தானே உருட்டினார். பாத்ரூம் வாசலுக்குள் நாற்காலி நுழைந்தபோது கண்ணாடிக்காரர் கடையில் செய்வதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையும் எதிலும் படாமல் உள்ளே போயின. கயிற்றை இழுக்க, கதவு வந்து பட்டியில் முட்டி நின்றது. தாழ்ப்பாள் விழுந்தது.

கூடத்தில் யாரும் பேசவில்லை. உள்ளிருந்தும் ஒரு சத்தம் இல்லை. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. அந்தப் பக்கம் டீச்சர் கூடத்துக்குக் காது கொடுத்து, கேட்டுவிடுமோ என்று கூசிக் காத்திருப்பது கண்ணாடிக்காரருக்குத் தெரிந்தது. மைத்துனி கதவருகே போய், "அக்கா, ஏதாவது..." என்று வாயெடுத்தாள்.

அவர் அவளைக் கையமர்த்தினார். மெஷினை எடுத்து பிளேடைக் கழற்றிக் கீழே வைத்தார். கதவுக்கு முதுகைக் காட்டி நின்று பொத்தானைத் தள்ளி, டர்ர்ர் என்று அலறும் அந்த மெஷினைக் காற்றில் பிடித்துக்கொண்டு, தாழ்ப்பாள் மறுபடி விலகும் வரைக்கும் எதையும் அறுக்காமல் நின்றார்.