பட்டியலில் சுமலதாவின் எண்

சுமலதா அந்தக் கடிதத்தைக் கீழிருந்து மேலாகப் படிப்பாள். பிறகு மேலிருந்து கீழாக. எப்படிப் படித்தாலும் பிடிபடுவதில்லை. இரண்டாம் பத்தியில், 'அத்தகைய கருவி இவ்வலுவலகத்தில் இல்லை.' மூன்றாம் பத்தியில், 'அக்கருவி தொடர்பான ஆவணங்கள் இரகசியமானவை, வழங்க இயலாது.'

"இல்லாத மிஷினுக்கு எதுக்குக்கா பூட்டு?" என்று ஓசூர் பேருந்து நிலையத்தில் பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் கேட்பாள். அந்தப் பெண் தள்ளி நின்றுகொள்வாள்.

சுமலதா அஞ்செட்டிப் பக்கத்துக்காரி. வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் ஆறு வருடம். விரல் நுனியில் டேப்பின் பசை கறுத்துக் கிடக்கும். பேசும்போதெல்லாம் அதைச் சுரண்டிக்கொண்டிருப்பாள்.

அங்கே கைபேசியை அணைத்து, கேட்டில் உள்ள லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். சுமலதா மட்டும் அணைப்பதில்லை. பட்டன் உடைந்த போன். அணைத்தால் மறுபடி உயிர் வராது.

மார்ச்சில் ஒருநாள் ஒப்பந்தத் தொழிலாளர்கள் கேட்டில் உட்கார்ந்து போராடினார்கள். எதிரே பெயரில்லாத வெள்ளை வேன் ஒன்று, கூரையில் ஏரியல்களோடு நின்றது. சுமலதா அன்று உள்ளே வேலையில் இருந்தாள்; போன் வழக்கம்போல் அணையாமல் கேட் லாக்கரில். பத்து நாள் கழித்து மேலாளர் மெமோவைக் கொடுத்து, ஒரு பட்டியலைக் காட்டினார். போலீஸ் கொடுத்ததாம், போராட்டத்தில் எட்டு மணி நேரம் இருந்த போன் எண்களாம். அவளுடையதும் இருந்தது.

"கார்டு தேச்சுட்டுத்தானே சார் உள்ள போனேன்?"

"கார்டை யாரு வேணா தேய்க்கலாம்மா. போன் பொய் சொல்லாது. விசாரணை முடியற வரைக்கும் வராத."

உடன் வேலை செய்யும் ருக்ஸார் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ உள்ளார டேப்பு சுத்துன, உன் போனு வெளிய கோஷம் போட்டிருக்குதுடி! மெமோவ அதுக்குக் குடுக்கச் சொல்லு."

சுமலதாவும் சிரித்தாள். அப்புறம், "அப்ப என்னைய யாருடி பார்த்தது?" என்றாள்.

அதைத்தான் போலீஸிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாள்: அந்த வேனில் இருந்த எந்தக் கருவி என் போன் எண்ணை எடுத்தது? பதிலாக வந்ததுதான் அந்தக் கடிதம். அந்தக் கருவி லாக்கரில் கிடந்த போனையும் எடுக்கும் என்று காட்டினால்தான் வேலை திரும்பக் கிடைக்கும்; வேறு சாட்சி இல்லாததால், இன்று மேல்முறையீடு. தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதும் கிருஷ்ணப்பன் படிவத்தை நிரப்பி, கையெழுத்து வாங்கி, கடைசிக் கட்டங்களைக் காட்டினார்.

"போன் நம்பர் போடும்மா. அதுக்குத்தான் கூப்புடுவாங்க. போடலைன்னா காகிதமும் வராது, வேலையும் வராது."

ஒன்பது கட்டங்களை நிரப்பினாள். பத்தாவது கட்டத்தின்மேல் பேனாவை வைத்தாள். இடது உள்ளங்கையால் அந்த ஒன்பதையும் மூடிக்கொண்டாள்.