திருப்பாத மீன்

சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகர அருங்காட்சியகம் ஒன்றில், இரண்டு கையகலமே உள்ள பழைய டச்சு ஓவியத்தின் முன் நிற்கிறேன். தகரத் தட்டில் மேல்பக்கம் மட்டும் தின்ற ஹெர்ரிங் மீன். பக்கத்தில், வெட்டிய முகத்தைக் கவிழ்த்துவைத்த ரொட்டியும் ஒரு கத்தியும்.

"தனியாள் ஒருவரின் எளிய உணவு," என்று வழிகாட்டிப் பெண் ஆங்கிலத்தில் தன் கூட்டத்துக்குச் சொல்கிறாள்.

"தனியாளோ? விசர்க்கதை!" என்கிறது என் பின்னால் ஒரு தமிழ்க் குரல். சீருடையில் நிற்கும் காவல் ஊழியர், யாழ்ப்பாணத்து அக்கா. "வடிவாப் பாருங்கோ தம்பி. ரொட்டி காயாமல் கவிட்டாச்சு, கத்தியும் துடைச்சாச்சு. சாப்பிட்ட ஆள் எழும்பிப் போயிட்டார். ஆனா மீனைத் திருப்பயில்லை. நானும் எங்கடை அவரும் வேற வேற ஷிஃப்ட். நான் ஒரு பக்கம் சாப்பிட்டிட்டு மற்றப் பக்கத்தை அவருக்கு விடுவன். பத்தொன்பது வருசமா இப்பிடித்தான்."

"அதை அவங்ககிட்டச் சொல்லுங்கக்கா."

"நாங்களாக் கதைக்க விடமாட்டினம். கேட்டால்தான் சொல்லலாம்."

இதென்ன சட்டம்! கையைத் தூக்கி, இவரிடம் கேளுங்கள் என்கிறேன். வழிகாட்டி கேட்கிறாள். அக்கா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவிஸ் ஜெர்மனில் பேசுகிறார். அவர் விரல் காற்றில் மீனைத் திருப்பிக் காட்டுகிறது. வழிகாட்டி அதை ஆங்கிலத்தில் சொல்ல, மொத்தக் கூட்டமும் தட்டை நோக்கிக் குனிகிறது.

அடுத்த கூட்டம் வரும்வரை பிடிவாதமாகக் காத்திருக்கிறேன். அதே வழிகாட்டி, அதே மீன்.

"இருவரின் உணவு," என்கிறாள். "இரண்டாமவர் இன்னும் வேலை முடிந்து வரவில்லை."

மூலையில் அக்கா ஆடாமல் அசையாமல் நிற்கிறார். முதுகுக்குப் பின்னால் கட்டிய கையில் மட்டும், பக்கவாட்டில் நிற்கும் எனக்குத் தெரியும்படி, இரண்டு விரல்கள் நிமிர்கின்றன.