சந்தனம் வைத்த ஹார்ட் டிஸ்க்

ஹார்ட் டிஸ்க் எரிந்தால் ஒரு வாசனை வரும். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் அது தெரியும். அதோடு சந்தன வாசனையும் சேர்ந்து வந்தால் எப்படி இருக்கும் என்பது காஞ்சிபுரத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொருத்திக்கும் தெரிந்திருந்தது.

எந்த கம்ப்யூட்டர் வாங்கலாம், எதில் காசைப் போடலாம் என்று இன்றைக்கும் என்னிடம் ஆள் வருகிறது. இருபது வருஷத்துக்கு மேல் செட் அசெம்பிள் பண்ணி விற்றவன் என்கிற மரியாதை. நான் சொன்ன நல்ல யோசனைகளை நானே ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

1. ரைட்டர் வேண்டாம், ஸ்பீக்கர் போதும்

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையின் மாடியில் எனக்கு ஒரு ரூம். கீழே முகூர்த்தப் புடவை, மேலே நானும் நாலு கழற்றிப் போட்ட கேபினெட்டும்.

பிள்ளையார்பாளையத்திலிருந்து ஏழுமலை அண்ணன் வந்தார். புடவைக்கு டிசைன் போடுகிறவர். கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்புவார். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவார்கள். அந்த அட்டை தறிக்கு மேல் ஏறினால் கீழே புடவையில் மயில் வரும். ஒரு முந்திக்கு வாரக்கணக்கில் குனிந்து உட்கார வேண்டும். கம்ப்யூட்டரில் போட்டால் சீக்கிரம் முடியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூடவே மகள் புவனாவையும் அழைத்து வந்திருந்தார். பிளஸ் டூ, கம்ப்யூட்டர் குரூப்.

பதினேழு இன்ச் மானிட்டர் எடுக்கச் சொன்னேன். கட்டத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்கிற கண்ணுக்குப் பதினைந்து பத்தாது. ரேமை இரட்டிப்பாகப் போடச் சொன்னேன். படத்தைப் பெரிதாக்கினால் மெஷின் திணறக் கூடாது. இரண்டுமே நல்ல யோசனை, இன்றைக்கும் கையெழுத்துப் போட்டுத் தருவேன். அப்போது புவனா வாயைத் திறந்தாள்.

"அண்ணே, சி.டி. ரைட்டர் ஒண்ணு போட்டுக் குடுங்க."

"எதுக்குமா? பாட்டு காப்பி அடிக்கவா?"

"டிசைன காப்பி எடுத்து வைக்கணும்ணே. டிஸ்க் போயிடுச்சுன்னா?"

"புது டிஸ்க் எங்கம்மா போவும்? அதுக்கு இன்னா காலா இருக்குது?"

ஏழுமலை அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்ததும் எனக்கு இன்னும் குஷி. உண்மை என்னவென்றால், கடையில் சி.டி. ரைட்டர் ஸ்டாக் இல்லை. விற்காத ஸ்பீக்கர் மூன்று பெட்டி தூசி படிந்து கிடந்தது. "அண்ணே, பாட்டு கேட்டுக்கினே போட்டா மயில் தானா ஆடும்" என்றேன். ரைட்டர் போய் ஸ்பீக்கர் வந்தது. "இனிமே பேப்பர் எதுக்குண்ணே, எல்லாம் உள்ள இருக்குது" என்று ஒரு போனஸ் யோசனையும் சொன்னேன். மனுஷன் அதையும் கேட்டுக்கொண்டார். கிராஃப் தாள் வாங்குவதையே நிறுத்திவிட்டார்.

நாலு மாதத்தில் அந்த வீட்டில் வேலை நடக்கிற விதமே மாறிவிட்டது. அண்ணன் பின்னால் நின்று சொல்வார், புவனா போடுவாள். "கழுத்த கொஞ்சம் சாய்மா." சாயும். "அந்தக் கொடிய எடுத்துரு." போகும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் யூனிஃபார்மோடு உட்கார்ந்துவிடுவாள். தை முகூர்த்தத்துக்காக ஒரு பட்டு முதலாளி பன்னிரண்டு முந்தி கேட்டிருந்தார். பதினொன்று முடிந்திருந்தது. பதினொன்றும் அந்த ஒரு டிஸ்கில்.

"இவள கம்ப்யூட்டர் காலேஜ்லதான்பா சேர்க்கப் போறேன்" என்பார் அண்ணன், நான் போகும்போதெல்லாம்.

2. ஆயுத பூஜை சர்வீஸ்

ஊரில் ஆயுத பூஜை என்றால் தறிக்கும் பொட்டு, தராசுக்கும் பொட்டு. கம்ப்யூட்டர் வாங்கினவர்கள் மானிட்டர் நெற்றியில் ஒன்று வைத்துவிட்டுப் போவார்கள். நான் சும்மா இருப்பேனா? வீடு வீடாகப் போய் கேபினெட்டையே திறந்து, உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து ஒரு கதை சொல்வேன். "இவங்க மதர்போர்டு, வீட்டம்மா. இவர் எஸ்.எம்.பி.எஸ்., கரன்ட் கொண்டாந்து போடறவர். ஃபேன் மாமியார், சும்மா சத்தம்." ஜனம் சிரிக்கும், சுண்டல் கிடைக்கும்.

ஏழுமலை அண்ணன் வீடு அன்றைக்கு ஏழாவது வீடு. ஆறு வீட்டுக் கைத்தட்டல் தலையில் ஏறியிருந்தது. ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக் கையில் தூக்கிக் காட்டினேன். "இவருதான் ஞாபகசாலி. எல்லாத்தையும் மனசுல வச்சுக்கினு வாயே திறக்க மாட்டார்." ஒரு பக்கம் லேபிள், இன்னொரு பக்கம் பச்சை போர்டு. லேபிளில் இடமில்லை என்று போர்டு பக்கம் திருப்பி, கிண்ணத்திலிருந்து சந்தனத்தை வழித்து ரூபாய் அகலத்துக்கு அப்பினேன். நடுவில் குங்குமம். மாட்டி மூடினேன்.

இதுவரைக்கும்கூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பூஜையில் வைத்த பொருளை அன்று யாரும் தொடக் கூடாது என்பதுதான் வழக்கம். மறுநாள் விஜயதசமிக்குத்தான் தறியில் உட்காருவார்கள். அதற்குள் சந்தனம் காய்ந்து உதிர்ந்திருக்கும். அந்த வழக்கம் எனக்கு இலவசமாகக் கிடைத்த வாரண்டி.

அண்ணி கற்பூரத் தட்டோடு வந்து நின்றார். "ஏம்பா, டி.வி. இருட்டாக் கீதே. இருட்டுக்கு எதிர்ல கற்பூரம் காட்டினா நல்லாவா இருக்கும்?"

"அதுக்கு இன்னா அண்ணி, அம்மனையே ஸ்கிரீன்ல கொண்டாறேன்."

புவனா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே, ஈரமா இருக்குது. நாளைக்குத்தானே ஆன் பண்ணணும். காஞ்சதும் பண்ணலாம்ணே."

"சாமிக்கு வச்சது ஒண்ணும் பண்ணாதும்மா. நீ மணி அடி."

அவள் மணி அடித்தாள். நான் பட்டனை அமுக்கினேன்.

'டப்.'

அம்மன் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், டிஸ்கைக் காணோம் என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்து கண்ணைச் சிமிட்டியது. கேபினெட் ஓட்டையிலிருந்து நூல் மாதிரி ஒரு புகை. சாம்பிராணி, கற்பூரம், ஊதுவத்தி எல்லாம் சேர்ந்து அந்த நூலை விழுங்கிவிட்டன. பக்கத்தில் இருந்த எனக்கும் புவனாவுக்கும் மட்டும் வாசனை வந்தது.

"இன்னாச்சுபா?" அண்ணன் குரலில் இன்னும் சிரிப்பு மிச்சம் இருந்தது.

ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன். வாசலில் என் செருப்பு பதினெட்டு செருப்புக்கு நடுவில் கிடந்தது. தேடிப் போட்டுக்கொண்டு ஓடுவது நடக்கிற காரியமில்லை. மயக்கம் போட்டு விழலாமா என்று யோசித்தேன், கையில் சுண்டல். பத்து பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாய் தானாகத் திறந்தது.

"வைரஸ்ணே."

"வைரஸா? அது எங்கருந்து வந்துச்சு?"

மேஜையில் ஒரு கேம் சி.டி. இருந்தது. புவனா ஃபிரெண்டிடம் வாங்கி வந்தது. அதை எடுத்துப் போலீஸ்காரன் மாதிரி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "இந்த மாதிரி வெளி சி.டி. போட்டா இப்படித்தான்ணே."

புவனா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். "அப்பா, வைரஸ்னா புகை வருமா?"

"வாய மூடு. பண்றதையும் பண்ணிட்டு..."

கையில் மணியோடு அப்படியே நின்றாள்.

3. டிஸ்குக்கு நிச்சயதார்த்தமா?

மறுநாள் டிஸ்கோடு சென்னை ரிச்சி தெருவுக்கு ஓடினேன். அதே மாடலில் இன்னொரு டிஸ்க் கிடைத்தால், அதன் போர்டைக் கழற்றி இதற்கு மாட்டிப் பார்க்கலாம். சில நேரம் உயிர் வரும். டேட்டா எடுத்துத் தருகிற பாய் ஒருத்தர் சின்ன ரூமில் லென்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சட்டையில் துடைத்துத்தான் கொடுத்தேன். போதவில்லை.

"இன்னா வாத்யாரே, டிஸ்குக்கு நிச்சயதார்த்தமா?"

"கஸ்டமர் வச்சுட்டாங்க பாய்."

"கஸ்டமருக்கு டிஸ்க கழட்டி, திருப்பி வச்சு, போர்டுல பொட்டு வைக்கத் தெரியுமா? சரிதான்."

தெருவெல்லாம் தேடி அதே மாடலைப் பிடித்து வந்தேன். போர்டை மாற்றினார். டிஸ்க் சுற்றியது. நான் கை கூப்பிவிட்டேன். டக், டக், டக் என்று மூன்று தரம் உள்ளே தட்டிவிட்டு நின்றது. பாய் லென்ஸைக் கழற்றினார். "உள்ளயும் போயிடுச்சுபா. எடுத்துக்கினு போ."

பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்தேன். 'அண்ணே, தப்பு என்னுது. பாப்பா மேல ஒண்ணுமில்ல.' வாலாஜாபாத் வரும்போது ரொம்பத் தெளிவாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, தப்பு பாதி என்னுடையது, பாதி கரன்ட்டுடையது என்று ஆகியிருந்தது. பிள்ளையார்பாளையம் முனையில் திரும்பும்போது தொண்டைதான் இருந்தது, வாசகம் இல்லை.

அண்ணன் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல நேரத்துல சொன்னேபா. நீ சொல்லலன்னா வீட்டுக்குள்ளயே இப்படி நடக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்குமா?" கேம் சி.டி. இரண்டாக உடைந்து குப்பைக் கூடையில் கிடந்தது. அண்ணன் கீழே உட்கார்ந்து, புதிதாக வாங்கின கிராஃப் தாளை விரித்திருந்தார். பதினொன்றையும் ஞாபகத்திலிருந்து போட வேண்டும். புவனா சமையலறைக் கதவோரம் நின்றாள். மெஷினுக்கு மேல் அண்ணி ஒரு பழைய துண்டைப் போட்டு மூடியிருந்தார்.

ரிச்சி தெருவில் வாங்கின அந்த இன்னொரு டிஸ்கை, அதன் போர்டைத் திருப்பி வைத்து, மாட்டிக் கொடுத்தேன். வைரஸே இல்லாத அதற்கு ஆன்ட்டி வைரஸும் போட்டேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. காபி குடித்தேன். அதில் சர்க்கரை கம்மி என்றுகூடச் சொன்னேன்.

தையில் முதலாளிக்கு ஏழு முந்திதான் போய்ச் சேர்ந்தது. மற்றதை அவர் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். துண்டை எடுத்த பிறகும் புவனா மெஷினைத் தொடவில்லை. வெளியிலிருந்து ஒரு ஆபரேட்டரை வைத்தார்கள். அவனுக்கு மயில் கழுத்து சாயவே சாயாது.

4. பி.காம்.

மே மாதம் ரிசல்ட். கம்ப்யூட்டர் பேப்பரில் ஸ்கூலிலேயே புவனாதான் முதல். அண்ணன் அப்ளிகேஷனோடு என் மாடிப்படி ஏறி வந்தார். புவனா படிக்குக் கீழேயே நின்றுவிட்டாள்.

"கம்ப்யூட்டர்தான் படிப்பேன்றா. எனக்கு பயமா இருக்குதுபா. உனக்குத் தெரியாதது இல்ல. நீயே சொல்லு, உன் வார்த்தைதான்."

இதைவிடச் சுலபமான சந்தர்ப்பத்தை யாருக்கும் யாரும் கொடுத்ததில்லை. பழசைக்கூடச் சொல்ல வேண்டாம். 'சேருங்கண்ணே' என்றால் போதும். அப்போது என் தலையில் என்ன ஓடியது என்பதை இத்தனை வருஷம் கழித்து மறைத்து என்ன ஆகப்போகிறது? இவள் கம்ப்யூட்டர் படித்தால் மூன்று வருஷத்தில் வைரஸ் புகையாது என்று ஆதாரத்தோடு அப்பாவுக்கு விளக்குவாள். டிஸ்க் போர்டில் ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று படம் போட்டுக் காட்டுவாள். என் கடை, என் பேர், என் சுண்டல்.

"பொம்பளப் புள்ளைக்கு பி.காம். நல்லதுண்ணே" என்றேன். "எல்லா இடத்துலயும் கேக்கறாங்க."

"அதான்பா நானும் நெனச்சேன்."

அவர் இறங்கிப் போய்ச் சொல்வதை மேலேயிருந்து பார்த்தேன். அப்ளிகேஷனை வாங்கி நாலாக மடித்தாள். ஒரு தரம் நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள். நான் ஸ்க்ரூ டிரைவர் விழுந்துவிட்ட மாதிரி குனிந்தேன். கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன். ஸ்க்ரூ டிரைவர் கையில்தான் இருந்தது.

5. மண்டப வாசல்

நாலு வருஷம் கழித்து ஏழுமலை அண்ணனின் மூத்த மகனுக்கு, புவனாவின் அண்ணனுக்கு, கல்யாணம். "நீ இல்லாம எப்படிபா" என்று ஏழுமலை அண்ணன் கடைக்கே வந்து பத்திரிகை வைத்தார். செவிலிமேடு பக்கம் மண்டபம். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போனேன்.

வாசலில் பன்னீர்ச் சொம்பு, கல்கண்டு, குங்குமம், சந்தனக் கிண்ணம். வருகிறவர்களுக்கு எடுத்து நீட்டுகிற வேலை மாப்பிள்ளையின் தங்கைக்கு. புவனா பட்டுப் புடவையில் நின்றுகொண்டிருந்தாள். பி.காம். முடித்து ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

எனக்குப் பின்னால் கூட்டம். திரும்ப முடியாது. அவள் சிரித்த முகமாகக் கிண்ணத்தை நீட்டினாள்.

"வச்சுக்கங்கண்ணே."

விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டேன். கொஞ்சம் வழிந்து மூக்குக்கு வந்தது. அவள் கல்கண்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"ஈரம் காயட்டும். அப்புறம் ஆன் பண்ணுங்க."

சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "வாங்க மாமா, வாங்க" என்றாள்.

நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். நாலு வருஷமாக அவள் எதையும் மறக்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அப்பாவிடம் சொல்லவே இல்லையோ, சொல்லியும் அவர் நம்பவில்லையோ, அது தெரியாது. ஏழுமலை அண்ணன் கடைசிவரை என்னிடம்தான் கம்ப்யூட்டர் வாங்கினார். ஒவ்வொரு தடவையும் "நீ சொன்னா சரிதான்பா" என்றார்.

இப்போது யோசனை கேட்டு வருகிறவர்களிடம் ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொல்கிறேன். எந்த டிஸ்க் வேண்டுமானாலும் வாங்குங்கள், ஆனால் இரண்டாக வாங்குங்கள். வேலை எதுவானாலும் இரண்டு இடத்தில் இருக்கட்டும். இதை எனக்கு ஒரு பிளஸ் டூ பெண் கடைக்கு வந்த அன்றைக்கே சொன்னாள், நான் ஸ்பீக்கர் விற்றேன்.

மெஷின் நின்றுபோய், சர்வீஸ்காரன் வந்து, உங்கள் வீட்டுப் பிள்ளையைக் காட்டி இதுதான் காரணம் என்றால், உடனே நம்பிவிடாதீர்கள். முதலில் அவன் விரலை மோந்து பாருங்கள்.