தராசில் மாட்டிய முதுகு

யுத்த காலத்தில் விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் குனிந்தவன் குனிந்தபடியே நின்றுவிட்டேன். நான் எதையோ தேடுகிறேன் என்று நினைத்துக் கூட்டாளிகளும் கொஞ்ச நேரம் கூடவே தேடினார்கள்.

இடுப்புப் பிடிப்பு. காலால் பிறந்தவர் உதைத்தால் பிடிப்பு விடும் என்று அப்படிப்பட்ட ஒருவரை அழைத்துவந்து முதுகில் உதைக்கச் சொன்னார்கள். வலி போகவில்லை, அவர்மேல் இருந்த மரியாதைதான் போயிற்று. பிறகு வாடகை அறையில் நானும் ஒரு பல்லியும். கல்யாணமாகாதவன். நான் எதைச் சொன்னாலும் பல்லி ஆமோதித்தது. ஆமோதிப்பு யாருக்கு வேண்டும்? ஷெட்டில் என் ஒவ்வொரு பேச்சுக்கும் எதிர்ப்பேச்சு இருந்தது. அங்கே திரும்பிப் போய்விட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

மேஸ்திரி ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்: "திண்டிவனத்து டாக்டராண்ட தூக்கலாம்னு எழுதி வாங்கிக்கினு வரச்சொல்லு. இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவேன்."

டாக்டர் என் மார்பில் ஒரு தோல்பட்டையைக் கட்டினார். பட்டையை ஸ்பிரிங் தராசில் மாட்டி, தராசை ஜன்னல் கம்பியில் மாட்டினார். "பின்னால சாஞ்சு இழுங்க." இழுத்தேன். முள் மரியாதைக்கு லேசாக அசைந்தது. அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அடுத்த வாரம் கம்பவுண்டர் பக்கத்தில் நின்றார். "இன்னாய்யா, மூட்ட தூக்கறவன்னு சொல்ற, முருங்கக்கீர ஆயற மாதிரி இழுக்கறியே! தம் கட்டுய்யா! இழு!"

என்னை யாராவது திட்டி எத்தனை நாளாயிற்று! ஆனந்தமாக இழுத்தேன். முள் பாதியைத் தாண்டியது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "போன வாரம் நடிச்சீங்களா, இன்னிக்கு நடிக்கிறீங்களா?"

"ரெண்டு நாளும் நான்தாங்க."

நியாயமான மனிதர். கம்பவுண்டரை வெளியே அனுப்பிவிட்டு இழுக்கச் சொன்னார், முள் இறங்கியது. உள்ளே கூப்பிட்டுக் கத்தச் சொன்னார், ஏறியது.

"இந்த முள்ளு உங்க முதுகைக் காட்டலை. இவரு தொண்டையைக் காட்டுது. எதை நம்பி நான் எழுதறது?"

"ஷெட்டுல சும்மா யாரும் தூக்கறதில்லீங்க. ஒருத்தன் குரல் குடுப்பான், அதுக்குத்தான் மூட்ட எழும். சத்தத்தோட வர்றதுதாங்க என் கணக்கு."

"நடுவுல அவன் இருமினா? மூட்டை உங்க மேலதானே விழும்?"

நான் பட்டையை அவிழ்த்துக் கொடுத்தேன். டாக்டர் குறைந்த அளவையே எழுதினார்.

ஊர் திரும்பினேன். என் இடத்தில் வேறொருவன் நின்றிருந்தான். சீட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்ட மேஸ்திரி, யார்டின் கடைசியில் அடுக்கியிருந்த மூட்டைகளை ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார். உட்கார்ந்தே செய்யலாம். முதுகுக்கு நல்லது.

முதல் நாள் மத்தியானம், புது ஆளைப் பற்றி அருமையான கேலி ஒன்று தோன்றியது. எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தண்டவாளத்தோரமாக ஷெட்டுவரை நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது அவர்கள் வேகன் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள்.