கிடைத்தது ஒரு குட்டித் தோடம்பழம்

ஈரக் கம்பளியில் நீராவி இஸ்திரி படும் வாசனை வந்தால், இன்றைக்கும் அந்தத் தையல் பக்டரிதான் நினைவுக்கு வரும். இரண்டாயிரங்களின் நடுவில், கனடாவில், மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் குளிர்கோட்டு தைத்துக்கொண்டிருந்தேன். தையல் வேலைகள் எல்லாம் கடல் கடந்து போய்க்கொண்டிருந்த காலம். வேலை இருந்தால்தான் வவுனியாவிலிருந்த அம்மாவை ஸ்பொன்சர் செய்து இங்கே கூப்பிடலாம். வேலை போய்விடுமோ என்ற பயமும் ஊசியோடு சேர்ந்து ஓடியது.

“பிள்ளையள், இந்த ஓடரைக் கெதியா முடிச்சுக் குடுத்தா முதலாளி பக்டரியை மூடமாட்டார்” என்றார் சூப்பவைசர் ரவி அண்ணை. நம்பினோம். மத்தியானச் சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டே தைத்தோம். பக்கத்து மெஷினில் இருந்த ஹொங்கொங்காரி மேய் என்னைவிட வேகம்.

சொன்ன நாளுக்கு முன்பே கடைசிக் கோட்டு முடிந்தது. முதலாளி வந்து பிரெஞ்சில் ‘மெர்சி’ என்று நன்றி சொன்னார். இனித் தைக்க ஒன்றுமில்லை, நாளைக்கு வரவேண்டாம் என்றார். ரவி அண்ணை நிலத்தைப் பார்த்தார். மெதுவாக, ஆறுதலாகத் தைத்திருந்தால் இன்னும் ஒரு கிழமையாவது வேலை இருந்திருக்கும். எங்கள் வேலையை நாங்களே ஓடி ஓடி முடித்திருந்தோம்.

“தக் கோ கட்” என்றாள் மேய். பாடுபட்டும் ஒன்றும் மிஞ்சாவிட்டால் அவளுடைய கன்டனீஸில் அப்படித்தான் சொல்வார்களாம்: கிடைத்தது ஒரு குட்டித் தோடம்பழம், ஒரு சின்ன ஆரஞ்சு.

“அதையாவது தருவினமோ?” என்று கேட்டேன்.

“அதுவும் இல்லை.”

சிரித்தேன், சிரிப்போடு அழுகையும் வந்தது. என் நிலைமைக்கு எங்கோ ஒரு பாஷையில் ஏற்கெனவே சொல் இருந்தது. எனக்கு முன்னும் ஆட்கள் இப்படி வெறுங்கையோடு நின்றிருக்கிறார்கள். பயம் போகவில்லை, ஆனால் தனிமை போயிற்று.

மெற்றோ வாசலில் மேய் தன் உடைந்த பிரெஞ்சில் சொன்னாள்: “நாளைக்கு வேற பக்டரியில கேப்பம், என்னோட வா. ஆனா அங்க மெதுவாத் தை.”