நிறம் வராத திரை

மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்குக்கு ஜாவாஸ்கிரிப்டில் சின்ன நிரல் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தேன். மூட்டையின் ஈரப்பதத்தை அளந்து எண்ணைத் தட்டினால் கறுப்புத் திரையில் ஒரு வரி வரும். 'ஏற்றலாம்' என்பது பச்சையில், 'காய வேண்டும்' என்பது சிவப்பில். அளக்கிற அண்ணன் இங்கே கொச்சியிலேயே, பள்ளுருத்தியில் பிறந்து வளர்ந்த தமிழர். அவருக்காகவே தமிழில் எழுதினேன் என்று எர்ணாகுளத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டதும் உண்டு.

எழுத்துக்கு நிறம் கொடுக்க யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல் ஒன்றை, லைப்ரரி என்பார்கள், உள்ளே சேர்த்திருந்தேன்; அதற்குப் புதிய பெரும் பதிப்பு வந்தது. பழையதே நன்றாகத்தான் ஓடியது; எனக்குத்தான் கை சும்மா இருக்காது. பழைய முறையில் அழைத்தால் வரமாட்டேன் என்று புதியது அடம்பிடிக்க, நிரல் முழுவதையும் அதற்காக மாற்றினேன். என் மடிக்கணினியில் ஜோராக ஓடியது. கிடங்குக் கணினியில் ஏற்றிவிட்டு, ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காமல் சாயா குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் லாரி நிற்கிறது, சுமை ஏற்றுகிறவர்கள் நிற்கிறார்கள், அண்ணன் திரையையே பார்த்தபடி நிற்கிறார்.

"தங்கச்சி, கலர் வரல்லல்லோ."

இந்தத் திரையால் நிறம் காட்ட முடியாது என்று புதிய பதிப்பு தானாகவே முடிவு கட்டி, எல்லா வரிகளையும் வெள்ளையாக அனுப்பியிருந்தது. தப்பு என்னுடையது. எரிச்சல் மட்டும் அவர்மேல் வந்தது.

"கலர் இல்லாட்டி என்னண்ணே? தமிழ்லதான எழுதிருக்கு, படிச்சுப் பாத்து ஏத்த வேண்டியதுதான?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டுவிட்டேன்.

அவர் முகம் சிறுத்துப் போனது. "பேசத்தான் தெரியும். படிச்சது மலையாளமாக்கும். இத்தன நாளும் கலரப் பாத்துதான்..."

"முதல்லயே சொல்லிருக்கலாமேண்ணே."

"எனக்காக எழுதினேன்னு நீ அத்தன சந்தோஷமா சொன்னியல்லோ. பின்ன எப்படிச் சொல்ல?"

அவர் நினைத்திருந்தால் குத்துமதிப்பாக ஏற்றி அனுப்பியிருக்கலாம். ஈர மிளகு எங்கோ போய்ப் பூஞ்சை பிடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்திருக்கும். வெட்கமாக இருந்தது.

நிறத்தைக் கட்டாயமாக்க ஒரு வரி போதுமாயிருந்தது. பிறகு, அந்த இரண்டு சொற்களையும் மலையாளத்தில் கேட்டேன். தன் போனில் அடித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக அனுப்பினார். ஆறு வருடமாக இந்த ஊரில் மலையாளம் பேசுகிறேன். ஓர் எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாது. எதை எங்கே போடுவது என்று விழித்தேன். ஆட்கள் சுற்றி நின்றிருந்தார்கள்.

அவர் கிட்டே வந்து குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "மேல இருக்கறது பச்ச, தங்கச்சி."