அடுத்த லயத்துக்காரனின் இதயம்

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் யோகேஸ்வரன்கள் இருவர். ஒருவன் கரப்பந்துக் குழுவின் தலைவன். அவன் பந்து யோகேஸ். மற்றவன் நெஞ்சு யோகேஸ். பந்தைத் தொட்டதில்லை, மலை ஏறியதில்லை, திருவிழாவில் தேர் வடத்தைக்கூடப் பிடித்ததில்லை. கதை இந்த இரண்டாமவனுடையது.

பத்து வயதில் நெஞ்சு நோய் அவனுக்குத் தபாலில் வந்தது. பாடசாலைக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதித்துப் போன டாக்டர் எழுதிய கடிதம். லயம் என்னும் வரிசை வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் பெயர் சொல்லிக் கொடுப்பார்கள். அன்று கை நீட்டியது அவன் அம்மா கமலேஸ்வரி. சிங்களத்தில் இருந்ததைக் கணக்கப்பிள்ளை வாசித்துச் சொன்னார்.

"ஒம் மகன் நெஞ்சுல என்னமோ சத்தம் கேக்குதாம். பன்னெண்டு வயசுன்னு போட்டிருக்கு."

"அவனுக்குப் பத்துங்க ஐயா."

"நம்ம ஆளுங்க வயச எவன் சரியா எழுதியிருக்கான்?"

கடிதத்தில் வரச்சொல்லியிருந்த கிளினிக் தேதி கடந்து பதினாறு நாள் ஆகியிருந்தது. இனிப் போனால் ஏசுவார்கள் என்று பயந்த கமலேஸ்வரி, வைத்தியத்தைத் தானே பார்த்துக்கொண்டாள்: ஓடாதே, குதிக்காதே, கொழுந்துச் சாக்கைத் தூக்காதே. பன்னிரண்டு வருடம். சும்மாவே இருந்தவனுக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது. அதுவே நோய்க்குச் சாட்சியுமானது. உட்கார்ந்தே இருந்ததால் படித்தான், படித்ததால் அரசாங்க வேலை கிடைத்தது, வேலைக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்டார்கள்.

நுவரெலியாவில் டாக்டர் ரோகினி, யாழ்ப்பாணத்துக்காரர், அவனைப் படுக்க வைத்தும் உட்கார வைத்தும் முன்னால் குனிய வைத்தும் கேட்டார். ஸ்கேனிலும் பார்த்தார்.

"உங்கட இதயத்தில ஒரு பிழையும் இல்லை, தம்பி."

"நல்லாப் பாருங்க டாக்டர், சின்ன வயசுலருந்து இருக்கு" என்றான், சொத்தைப் பறிகொடுக்கிறவன் போல.

அவன் கொண்டுவந்திருந்த பழைய கடிதத்தை டாக்டர் விரித்தார். "அப்ப உங்களுக்குப் பத்து வயசு. இதில பன்னிரண்டு. இது ஆரின்ர நெஞ்சு?"

அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. அதே பெயர், அடுத்த லயம் என்று சொன்னான்.

"அந்தப் பிள்ளை இப்பவும் ஓடித் திரியுதோ? கெதியாக் கூட்டிக்கொண்டு வாங்கோ. பிறவியில வால்வு பிழையெண்டால் சத்தம் மட்டும்தான் இருக்கும், கனகாலத்துக்கு நோகாது."

பந்து யோகேஸ் வலை கட்டிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை கொத்மலைக் குழுவோடு இறுதியாட்டம். கடிதத்தின் கதையைக் கேட்டுச் சிரித்தான்.

"ஏன்டா, பன்னெண்டு வருஷம் நீ வச்சு அனுபவிச்சிட்டு, இப்ப எந்தலையில கட்டப் பாக்குறியா?"

"வெளையாடுறப்ப தலை சுத்துனது இல்லியாண்ணே?"

சிரிப்பு நின்றது. "ரெண்டு தடவ. வெயில்னு நெனச்சேன்."

"அக்கரப்பத்தனையில ஏதுண்ணே வெயிலு?"

"சரி, மேட்ச் முடியட்டும், வர்றேன்."

"மேட்சுல நீங்க எறங்கக் கூடாது."

"அப்ப என் எடத்துல யாரு, நீயா?"

"நாந்தான்" என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே பயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பந்து நெஞ்சு யோகேஸின் முகத்தில் இரண்டு முறையும் கையில் ஒரு முறையும் பட்டது. ஸ்கேனை நம்பாத கமலேஸ்வரி ஓரத்தில் நின்று கடைசிவரை அழுதாள். தோட்டம் தோற்றது. ஆனால் பந்து யோகேஸ் வாக்குத் தவறவில்லை.

திங்களன்று டாக்டர் காதுக்குழாயை அவன் மார்பில் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. முன்னால் குனியச் சொன்னபோது சத்தம் இன்னும் தெளிவானது. மூன்று இதழ் இருக்க வேண்டிய வால்வில் இரண்டுதான் என்று ஸ்கேன் காட்டியது.

"கொஞ்சம் ரத்தம் கசியுது. இப்ப ஒப்பரேஷன் வேண்டாம். வருஷா வருஷம் காட்டவேணும், போட்டி விளையாட்டு இப்போதைக்கு வேண்டாம். நடக்கலாம், வேலை செய்யலாம்."

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தான் பந்து யோகேஸ்.

"எங்கம்மாகிட்ட என்னடா சொல்றது?"

"நான் வந்து சொல்றேண்ணே. நீங்க மட்டும் படுத்துறாதீங்க. என்ன மாதிரி பன்னெண்டு வருஷம் படுத்தா என்ன ஆகும்னு நேத்து மைதானத்துல பாத்தீங்கல்ல?"